மார்கழி ஈரத்தில் கிறிஸ்துமஸ் குக்கி

கிறிஸ்துமஸ் சுகர் குக்கிக்கு இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் முக்கால்வாசி குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே வெளியில் உறைபனி, உள்ளே ஹீட்டர். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு கிடக்கும். “பட்டரை ஒரு மணி நேரம் வெளியே எடுத்து வையுங்கள்”, “ஐசிங்கை ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள்” என்பதெல்லாம் அந்தக் காற்றுக்குப் பொருந்தும். நம் பக்கம் டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழையின் கடைசிப் பகுதி. வயலில் சம்பா நிற்கும், வாய்க்காலில் தண்ணீர் ஓடும், விடிந்து எட்டு மணி வரை பனி இறங்கும், கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரம் விடாது. அதே வீட்டு அடுப்படியில் மத்தியானம் 28, 29 டிகிரி. தஞ்சாவூரிலோ நாகப்பட்டினத்திலோ குக்கி சரியாக வராமல் போனால் பத்துக்கு எட்டு தடவை காரணம் இந்த இரண்டும்தான்: பட்டரை இளக்கும் வெக்கை, சீனியை நமத்துப்போக வைக்கும் ஈரம். ஓவனைக் குறை சொல்வது அதற்கப்புறம்.

இங்கே கிறிஸ்துமஸ் பலகாரம் என்றால் அச்சு முறுக்கு, கல்கல், அதிரசம், ஒரு துண்டு பிளம் கேக். ஐசிங் போட்ட குக்கி அந்தத் தட்டுக்குப் புதிதாக வந்த ஆள். ஆனாலும் முழுக்க அந்நியம் இல்லை. சுகர் குக்கிக்குப் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரைப் பூர்வீகமாகச் சொல்வதுண்டு. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய மொராவியர் என்னும் புராட்டஸ்டண்ட் சபையாரின் பண்டம் என்பார்கள். அதே சபையைச் சேர்ந்தவர்கள் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து இறங்கினார்கள். இங்கே அவர்கள் குக்கி சுட்டார்களா என்பது வேறு விஷயம்.

ஏழு சென்டிமீட்டர் அகல நட்சத்திரமாக வெட்டினால் 30 முதல் 35 குக்கி வரும் அளவு இது: பட்டர் 225 கிராம், பொடித்த சீனி 180 கிராம், முட்டை ஒன்று (ஓடு நீக்கி 50 கிராம்), வெனிலா எசென்ஸ் ஒன்றரை டீஸ்பூன், மைதா 400 கிராம், கார்ன்ஃப்ளோர் 40 கிராம், உப்பு கால் டீஸ்பூன். பேக்கிங் பவுடர் வேண்டாம். பல செய்முறைகளில் அரை டீஸ்பூன் இருக்கும். போட்டால் கொஞ்சம் மிருதுவாக வரும் என்பது உண்மைதான், ஆனால் மணியின் விளிம்பும் நட்சத்திரத்தின் முனையும் உப்பி மழுங்கிவிடும். ஐசிங் போடுகிற குக்கிக்குத் தட்டையான மேற்பரப்பும் கூரான ஓரமும்தான் முக்கியம்.

ஒவ்வொரு பொருளிலும் நம் ஊருக்கு ஒரு சங்கதி உண்டு.

கடைப் பட்டரில் கொழுப்பு 80 சதவீதம், மீதி பெரும்பாலும் தண்ணீர். உப்புப் போட்ட மஞ்சள் பட்டர் வாங்கினால் மேலே சொன்ன கால் டீஸ்பூன் உப்பை விட்டுவிடவும். வீட்டில் கடைந்த வெண்ணெயிலோ பால்காரரிடம் வாங்கும் வெண்ணெயிலோ எவ்வளவு மோர் தங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதை அப்படியே போட்டால் மாவு பிசுபிசுக்கும், கூட மைதா சேர்க்க வேண்டிவரும், குக்கி கட்டையாகும். வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் ஐஸ் தண்ணீரில் போட்டு உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி, தண்ணீர் தெளிவாக வரும்வரை மூன்று நான்கு தடவை கழுவுங்கள். மல் துணியில் கட்டி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் தொங்கவிட்டு, அதற்குப் பிறகு எடை போடுங்கள். புளித்த வாடை இருந்தால் அந்த வெண்ணெய் நெய்க்குத்தான் லாயக்கு, குக்கிக்கு அல்ல. நெய்யை வைத்தே செய்யலாமே என்றால், செய்யலாம், நன்றாகவும் இருக்கும். ஆனால் அது நெய் பிஸ்கட். வாயில் கரையும், கையில் உதிரும், ஐசிங்கின் கனத்தைத் தாங்காது.

சீனியை அப்படியே போடக் கூடாது. நம் கடைச் சீனி பெருங்குருணை. அது பட்டரில் முழுக்கக் கரையாமல் நின்று, ஓவனில் இளகி, குக்கியை அகலமாக ஓட வைக்கும். மேலே வெடிப்பும் விழும். மிக்ஸியில் பொடித்துச் சலித்த சீனிதான் சரி. முட்டைக்கும் தராசு வேண்டும். பண்ணை முட்டை ஓடு நீக்கினால் ஐம்பதுக்குப் பக்கத்தில் நிற்கும். நாட்டுக்கோழி முட்டை முப்பத்தைந்தைத் தாண்டினால் பெரிசு. குறைகிற எடைக்குப் பாலைச் சொட்டிச் சரிசெய்யலாம். மைதா, கார்ன்ஃப்ளோர் இரண்டையும் ஒன்றாக இரண்டு தடவை சலித்துவிடுங்கள். மழைக்கால மைதா கட்டி கட்டியாக இருக்கும்.

பட்டர் எப்போது பதமாகிறது என்பதில்தான் வெளிநாட்டுச் செய்முறை நம்மைக் கவிழ்க்கும். அவர்கள் சொல்லும் அறை வெப்பம் 20 டிகிரி. நம் அடுப்படியில் பட்டரை ஒரு மணி நேரம் வைத்தால் ஓரமெல்லாம் எண்ணெய் கசியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கி வைத்தால் 15 நிமிஷம் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரல் உள்ளே புதையக் கூடாது. மேல்பக்கம் மினுமினுக்கக் கூடாது. அந்த நிலையில் சீனியைப் போட்டு ஒரே ஒரு நிமிஷம் அடியுங்கள். கேக்குக்கு அடிக்கிற மாதிரி வெளுத்து நுரைக்கும்வரை அடித்தால் காற்று ஏறி, குக்கி உப்பிப் பிறகு அமுங்கும். முட்டையும் எசென்ஸும் சேர்த்துக் கலந்து, மாவை இரண்டு தவணையாகப் போட்டு, மாவு பாத்திரத்தை விட்டு ஒன்றாகத் திரண்டதும் நிறுத்திவிடுங்கள். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை இன்னும் பிசையச் சொல்லும், கேட்காதீர்கள். பிசையப் பிசைய மைதாவில் இழுவை ஏறும், ஓவனில் நட்சத்திரம் ஒரு பக்கமாகச் சுருங்கும்.

மாவை உருண்டையாக ஃப்ரிட்ஜில் வைத்துப் பிறகு தேய்க்கச் சொல்வார்கள். இங்கே அதை மாற்றிச் செய்வது மேல். உருண்டை கல்லாகிவிடும், அது தேய்க்கும் பதத்துக்கு வருவதற்குள் வெளிப்பக்கம் உருகத் தொடங்கும். பிசைந்த கையோடு மாவை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்துத் தேய்த்துவிடுங்கள். கனம் 6 மில்லிமீட்டர். கண் அளவுக்கு விடாமல், மாவின் இரண்டு பக்கமும் ஒரே கனமுள்ள மரச் சட்டங்களை வைத்து அதன்மேல் பூரிக்கட்டையை உருட்டினால் ஒரே சீராக வரும். பள்ளி மாணவர்களின் மர ஸ்கேல் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் கிட்டத்தட்ட அந்தக் கனம் கிடைக்கும், அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். தேய்த்த தகட்டைப் பேப்பரோடு ஒரு தட்டில் வைத்து ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம்.

வெட்டும்போது கட்டரை மைதாவில் தொட்டு, நேராக அழுத்தி, திருகாமல் எடுக்கவும். நட்சத்திரம், மணி, மரம் எல்லாம் கடையில் செட்டாகக் கிடைக்கும். வட்டத்துக்குக் காப்பி டம்ளர் வாயே போதும், அதில் கோலமும் வரையலாம், பின்னால் சொல்கிறேன். மிச்சத் துண்டுகளை ஒன்று சேர்த்து ஒரு தடவை தேய்க்கலாம், அதிகம் போனால் இரண்டு. வெட்டிய குக்கிகளைத் தட்டோடு 15 நிமிஷம் ஃப்ரீசரில் வைத்து, அங்கிருந்து நேராகச் சூடான ஓவனுக்கு. இந்த 15 நிமிஷத்தை விட்டால் நம் வெக்கையில் மாவு வேகுமுன் பட்டர் உருகி, மணி வைத்த இடத்தில் வடை வரும்.

ஓ.டி.ஜி.யை, அதாவது மேசைமேல் வைக்கும் கரண்ட் ஓவனை, 170 டிகிரியில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, 15 நிமிஷம் சூடேற்றுங்கள். நடுத் தட்டில் 11 முதல் 13 நிமிஷம். ஒரு ஈடில் ஒரே அளவுக் குக்கிகளை மட்டும் வையுங்கள். பெரிய மரமும் சின்ன நட்சத்திரமும் சேர்ந்து போனால் மரம் வேகுமுன் நட்சத்திரத்தின் முனை கருகும். வெந்ததற்கு அடையாளம் நிறமல்ல. மேலே இருந்த ஈரப் பளபளப்பு நடு மையத்திலும் மறைந்து மங்கலாக ஆகியிருக்க வேண்டும், ஓரம் லேசாக வெளிர்மஞ்சள் ஏற வேண்டும். ஒன்றை எடுத்து அடியைப் பார்த்தால் இளம் பொன்னிறம். தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும், ஐந்து நிமிஷம் தட்டிலேயே விட்டால் இறுகும். அதன் பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். கம்பித் தட்டு இல்லையென்றால் கவிழ்த்த சல்லடை போதும், அடியில் காற்று போனால் சரி. அடுத்த ஈட்டைச் சூடான தட்டில் அடுக்கக் கூடாது. தட்டைத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்தைக் குழாயில் காட்டி, துடைத்து, ஆறிய பிறகு அடுக்குங்கள்.

கிராமத்து வீடுகளில் வேகாத குக்கிக்கு இன்னொரு காரணம் வோல்டேஜ். ஹீட்டர் கம்பியின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்குச் செய்த 1500 வாட் ஓவன், சாயந்திரம் 190 வோல்ட் வரும்போது ஆயிரம் வாட் சொச்சம்தான் தரும். குமிழ் 170-ஐக் காட்டும், உள்ளே அது இருக்காது. குக்கி மெதுவாக வேகும், பட்டர் ஓடும், அடி எண்ணெயாகும். ஓவனுக்குள் வைக்கிற சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது இந்த வேலையில் உருப்படியான செலவு. தெருவெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் சுடாமல் காலையிலேயே முடித்துவிடுங்கள். நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். பாதிக்கு மேல் வெந்திருந்தால் உள்ளிருக்கும் சூட்டிலேயே இன்னும் ஏழெட்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓவனை ஓட்டிப் பார்க்கும் யோசனை வேண்டாம்.

ஓவன் இல்லாத வீட்டுக்கும் வழி உண்டு. அடி கனமான பழைய இரும்புச் சட்டி, அதில் இரண்டு டம்ளர் கல் உப்பு, மேலே ஒரு ஸ்டாண்டு, மூடி. மிதமான தீயில் 10 நிமிஷம் சூடேற்றி, குக்கி அடுக்கிய தட்டை இறக்கி, தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிஷம். சட்டிச் சூட்டில் அடி சிவக்கும், மேல்பக்கம் வெளுத்தே இருக்கும். கேக்குக்கு அது குறை. இங்கே மேலே ஐசிங் வரப்போகிறது, யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு ஈட்டுக்கு ஐந்தாறுதான் கொள்ளும், அதுதான் பொறுமையைச் சோதிக்கும்.

சுட்ட அன்றே ஐசிங் போட்டுவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். போட்டால் இரண்டாம் நாள் வெள்ளை ஐசிங்கில் திட்டுத் திட்டாக மஞ்சள் கறை தெரியும். குக்கியிலிருந்து கொழுப்பு மேலே ஏறியதன் அடையாளம் அது. நன்றாக ஆறிய குக்கிகளை டிஷ்யூ பேப்பர் விரித்த டப்பாவில் அடுக்கி, மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். அதிகமான கொழுப்பைப் பேப்பர் வாங்கிக்கொள்ளும். மறுநாள் காலை ஐசிங்.

இனி ஐசிங். பட்டர்கிரீம் அழகுதான், குளிர்நாட்டில் அதைத்தான் குக்கிமேல் தாராளமாகத் தடவுவார்கள். 29 டிகிரியில் அது அடுக்கி வைக்கவும் உதவாது, பொட்டலம் கட்டவும் உதவாது. அன்றைக்கே வீட்டில் தின்று முடிப்பதானால் போடுங்கள். நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்ப, காய்ந்தால் இறுகி நிற்கும் ராயல் ஐசிங்தான்.

முட்டை வெள்ளைக்கரு 60 கிராம் (இரண்டு முட்டை), ஐசிங் சுகர் 350 கிராம், எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன். பச்சை முட்டையில் சால்மனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு. சின்னக் குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் சாப்பிடும் குக்கிக்கு மெரிங் பவுடர் வாங்கிக்கொள்ளுங்கள். சூடுபடுத்திக் காயவைத்த வெள்ளைக்கருதான் அது: 450 கிராம் ஐசிங் சுகருக்கு மூன்று டேபிள்ஸ்பூன் பவுடர், 75 முதல் 90 மி.லி. தண்ணீர். முட்டையே கூடாத வீடுகளுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் கைகொடுக்கும். உப்புப் போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று வரும்வரை வற்றவைத்து ஆறவிட்டு, 60 மி.லி. எடுத்து, வெள்ளைக்கருவுக்குச் சொன்ன அதே 350 கிராம் ஐசிங் சுகரோடு அடிக்கலாம். கடலை வாசனை வெனிலாவில் அடங்கிவிடும். காய்வதற்கு மட்டும் முட்டை ஐசிங்கைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும்.

ஐசிங் சுகரை வீட்டில் பொடிப்பதானால் கால் கிலோ சீனிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளோர் சேர்த்து, பத்து பத்து வினாடியாக விட்டு விட்டு அரையுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் ஜார் சூடாகி சீனி ஓரத்தில் அப்பிக்கொள்ளும். ரசப்பொடி அரைத்த ஜாரை எத்தனை கழுவினாலும் சீனி அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும், வேறு ஜார் எடுங்கள். அரைத்ததை மெல்லிய மல் துணியில் சலிக்க வேண்டும், மாவுச் சல்லடை போதாது. ஒரே ஒரு குருணை ஐசிங் பிழியும் கோனின் முனையில் அடைத்துக்கொண்டால் கோடு கோணும்.

அடிக்கும் பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் எண்ணெய்ப் பிசுக்கு ஒளிந்திருக்கும், பிசுக்குப் பட்டால் வெள்ளைக்கரு நுரைக்காது. எதற்கும் பாத்திரத்தையும் பீட்டரையும் வினிகர் தொட்ட துணியால் ஒரு துடை துடைத்துவிடுங்கள். வெள்ளைக்கருவையும் எலுமிச்சைச் சாற்றையும் லேசாக நுரைக்க விட்டு, சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, குறைந்த வேகத்தில் நாலைந்து நிமிஷம் அடித்தால் வெளுத்துக் கெட்டியாகும். வேகத்தைக் கூட்டினால் காற்று புகுந்து, காய்ந்த பிறகு ஊசித் துளைகள் தெரியும். சில செய்முறைகளில் மினுமினுப்புக்கு லிக்விட் குளுக்கோஸ், கிளிசரின், தேன் சேர்க்கச் சொல்வார்கள். மூன்றுமே ஈரத்தைப் பிடித்து வைப்பவை. வறண்ட ஊரில் ஐசிங் கல்லாகாமல் இருக்க அவை உதவும், இங்கே காயவே விடாது. தொடாதீர்கள்.

பதம் இரண்டு போதும். ஓரக்கோட்டுக்கு டூத்பேஸ்ட் பதம். உள்ளே நிரப்ப, கத்தியால் ஐசிங்கில் ஒரு கோடு கிழித்தால் 15 வினாடியில் கோடு மறைகிற பதம். பத்துக்குள் மறைந்தால் தண்ணி, ஓரக்கோட்டைத் தாண்டி வழியும், காயவும் காயாது. சலித்த சீனி கொஞ்சம் சேர்க்கவும். இருபதைத் தாண்டினால் மேடு பள்ளமாக நிற்கும். தண்ணீரைக் கரண்டியால் ஊற்றாமல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அரை டீஸ்பூனில் பதம் மாறிவிடும். கலந்ததை ஈரத்துணி போட்டு மூடி 20 நிமிஷம் வைத்தால் குமிழ்கள் மேலே வந்து உடையும். ஈரத்துணி இல்லாவிட்டால் ஆடை கட்டும்.

நிறத்துக்கு ஜெல் கலர்தான் நல்லது. தண்ணீராக வரும் கலர் பதத்தைக் கெடுக்கும். கேசரிப் பவுடர் கரையாமல் புள்ளி புள்ளியாக நிற்கும். அதுதான் கையில் இருக்கிறது என்றால் இரண்டு சொட்டுத் தண்ணீரில் குழைத்து வடிகட்டிச் சேருங்கள். சிவப்பு, அடர்பச்சை இரண்டையும் நினைத்த நிறத்துக்கு ஒரு படி வெளிறலாகக் கலந்து சில மணி நேரம் விட்டால் தானே அடர்த்தியாகும். அவசரப்பட்டு இன்னும் இன்னும் கலர் விட்டால் கசக்கும், பக்கத்து வெள்ளையிலும் ஊறும். வீட்டுச் சீனியில் வெள்ளை ஐசிங் சற்றே பழுப்பு தட்டினால், டூத்பிக் முனையில் ஊதா கலரைத் தொட்டுக் கலக்குங்கள், பளிச்சென்று ஆகும். வேலியில் பூக்கும் சங்குப்பூவிலிருந்து நீலம் எடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எலுமிச்சைச் சாறு பட்டால் அந்த நீலம் கத்தரிப்பூ நிறமாகிவிடும். நீலமே வேண்டுமென்றால் அந்த ஈட்டில் எலுமிச்சையை விட்டுவிடுங்கள்.

பைப்பிங் பேக் வாங்க வேண்டியதில்லை. உணவுக்கான ஓ.பி.பி. கவரை (கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் கவர்) 20 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, குறுக்கே இரண்டாக்கி, மருதாணிக் கோன் சுற்றுகிற மாதிரியே சுற்றி டேப் போட்டு, பாதிவரை நிரப்பி மேலே மடித்து ஒட்டினால் போதும். முனையை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள். கழுவிய பால் பாக்கெட்டில் செய்கிறவர்கள் உண்டு. அதில் பாலின் கொழுப்பு ஒட்டியிருக்கும், ஐசிங் தளர்ந்துவிடும். மருதாணி போட்டுப் பழகிய கைக்கு ஓரக்கோடு முதல் தடவையிலேயே வரும்: முனையைக் குக்கியில் உரசாமல், ஒரு சென்டிமீட்டர் மேலே தூக்கிப் பிடித்து, இழையைத் தொங்கவிட்டு வேண்டிய இடத்தில் இறக்க வேண்டும். ஓரக்கோடு போட்டுச் சில நிமிஷம் கழித்து உள்ளே நிரப்பி, டூத்பிக்கால் மூலைகளுக்குத் தள்ளி, குக்கியை மேசையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் சமமாகும். குமிழ் தெரிந்தால் ஆடை கட்டுமுன் குண்டூசியால் குத்திவிடுங்கள். வெள்ளி உருண்டை, வண்ணத் தூவல் வைப்பதானால் அதுவும் இப்போதே. வெள்ளி உருண்டை பல்லுக்குக் கடினம், தாத்தா பாட்டிக்குப் போகும் குக்கியில் வேண்டாம்.

காயவைப்பதில்தான் நம் ஊர் வேலையே இருக்கிறது. வறண்ட காற்றில் எட்டு மணி நேரத்தில் இறுகும் ஐசிங், மழை பெய்யும் நாளில் இங்கே 24 மணி நேரம்கூட எடுக்கும். கடலோரம், வேளாங்கண்ணி, காரைக்கால் பக்கமெல்லாம் இன்னும் மோசம். அதனால் வெயில் எட்டிப் பார்க்கும் நாளாகத் தேர்ந்தெடுத்து, பனி விலகிய பிறகு பத்து மணிக்கு ஐசிங்கைத் தொடங்குங்கள். சாயந்திரம் தொடங்கினால் காய வேண்டிய நேரம் முழுக்க ஈரமான ராத்திரியில் போய்விடும். நிரப்பிய உடனே டேபிள் ஃபேனைக் குறைந்த வேகத்தில் மூன்று நான்கு அடி தள்ளி வைத்து, காற்று மேலாகத் தடவிப் போகும்படி ஓடவிடுங்கள். முதல் அரை மணிக்குள் மேலே ஆடை கட்டிவிட்டால் மினுமினுப்பு நிற்கும், நிறம் ஊறாது, குழியும் விழாது. சீலிங் ஃபேன் ஒட்டடையையும் சேர்த்துப் போடும். ஏ.சி. அறை இருந்தால் ராத்திரிக்கு அங்கே மாற்றலாம், ஏ.சி. காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கிறது. இல்லையென்றால் ஓவனை இரண்டு நிமிஷம் சூடாக்கி அணைத்து, கதவைத் திறந்து, உள்ளே கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும்போது தட்டை வைக்கலாம். அதைவிடச் சூடு இருந்தால் குக்கியின் பட்டர் இளகி, தப்பிக்க நினைத்த அதே மஞ்சள் கறை வந்து நிற்கும்.

வயலுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் இன்னொரு எதிரி. சம்பாப் பயிரில் இருக்கும் பச்சைத் தத்துப்பூச்சி, விளக்குப் போட்டதும் கும்பலாக டியூப்லைட்டுக்கு வரும். அரிசி அளவுகூட இருக்காது. ஈர ஐசிங்கில் வந்து உட்கார்ந்தால் காலும் இறக்கையும் ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும். பிடுங்கினால் பள்ளம், விட்டால் பூச்சி. பலகாரத்துக்குப் போடும் வலைக்கூடையால் மூடுங்கள், அந்த அறையில் விளக்கை அணைத்துப் பக்கத்து அறையில் போடுங்கள். எறும்புக்கு மேசைக் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துகிற பழைய வழிதான். எறும்புச் சாக்பீஸ், மருந்துப் பொடி எதுவும் அந்த மேசைக்கு வேண்டாம்.

சின்ன இடங்களில், அதாவது மணியின் நாக்கு, மரத்தின் உச்சி போன்றவற்றில் ஐசிங் நடுவில் குழிந்து போவது அடிக்கடி நடக்கும். ஐசிங் தண்ணியாக இருப்பது, மெதுவாகக் காய்வது, இரண்டும் சேர்ந்த விளைவு. அந்த இடத்தில் முதலில் கெட்டி ஐசிங்கால் வளைவு வளைவாக ஒரு கிறுக்குக் கிறுக்கி, அதன்மேல் நிரப்பினால் தாங்கி நிற்கும். சிவப்புப் பக்கத்தில் வெள்ளை வர வேண்டுமானால் சிவப்பு முழுக்கக் காய்ந்த பிறகு வெள்ளை, இடையில் குறைந்தது ஆறு மணி நேரம். மேலே இறுகியதாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்போது குக்கியைத் தூக்கினால் மயிரிழை வெடிப்பு விழும். ஓரத்தில் நகத்தால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் இன்னும் நேரம் இருக்கிறது.

டிசைனுக்கு ஸ்னோஃப்ளேக்கைத் தேடிப் போக வேண்டாம் என்பது என் கட்சி. பனிப்பூவுக்கு ஆறு முனை. நம் வாசலில் மார்கழி முழுக்கப் போடும் நட்சத்திரக் கோலத்துக்கும் ஆறு முனைதான். டம்ளரால் வெட்டிய வட்டத்தில் சிவப்பு அல்லது காவி நிற அடித்தளம் போட்டு, அது ஒரு ராத்திரி காய்ந்த பிறகு, கெட்டி வெள்ளை ஐசிங்கால் முதலில் புள்ளி. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஏழு சென்டிமீட்டர் வட்டத்துக்கு அதுவே நிறைவு, மேலும் புள்ளி வைத்தால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு சற்றே தளர்த்திய ஐசிங்கால் முக்கோணம் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக. கோட்டை நடுவில் நிறுத்தாமல், ஒரு முனையிலிருந்து அடுத்த முனைவரை ஒரே இழுப்பில் இழுத்து, முனையில் கோனைத் தாழ்த்தித் தொட்டுத் துண்டியுங்கள். சிக்குக் கோலம் போடுவதானால் கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் முதல் கோடு காயும்வரை பொறுக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே ஒரு கட்டி நிற்கும். கோலப்பொடியில் பழகியவர்கள் வேகமாகப் போவார்கள். ஐசிங்கில் வேகம் பாதி.

24-ஆம் தேதி ராத்திரி பூசைக்குக் கிளம்புமுன் எல்லாம் பொட்டலத்தில் இருக்க வேண்டுமென்றால் 20-இல் சுட்டு, மறுநாள் அடித்தளம், அதற்கு மறுநாள் கோடும் புள்ளியும், 23 முழுக்கக் காயவிட்டுக் கட்டுவது நிதானமான கணக்கு. மழை பிடித்துக்கொண்டால் ஒரு நாள் கையில் இருக்கும். ஐசிங் போட்ட குக்கியை எந்தக் காரணத்துக்கும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்து நிறமெல்லாம் ஓடும். ஒவ்வொன்றாக ஓ.பி.பி. கவரில் போட்டு ஒட்டி, டப்பாவில் உணவுக்கான சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். துணியில் கட்டிய அரிசி இந்த ஈரத்துக்குப் பெரிதாக உதவாது. அதிரசம் இருக்கும் டப்பாவில் குக்கியை வைத்தால் ஒரே ராத்திரியில் எண்ணெயும் ஈரமும் ஏறி நமத்துவிடும். தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், டப்பாவில் கூடாது.

அக்கம்பக்கத்துச் சைவ வீடுகளுக்கும் தட்டுப் போகும் ஊர் இது. அவர்களுக்குத் தனி ஈடாகச் செய்யுங்கள்: முட்டைக்குப் பதில் மூன்று டேபிள்ஸ்பூன் பால், கடலைத் தண்ணீர் ஐசிங், அதற்கென்று கழுவித் துடைத்த பீட்டர். வாங்குகிற தூவலில் ஜெலட்டின் இருக்கிறதா என்று பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கவர்மேல் “முட்டை இல்லை” என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் அவர்களுக்குக் கேட்க வேண்டிய சங்கடம் இராது.

மிஞ்சிய ஐசிங் வெள்ளைக்கரு போட்டதானால் மூடி ஃப்ரிட்ஜில் இரண்டு நாள். தண்ணீர் பிரிந்து அடியில் நின்றால் மறுபடி கலக்கிக்கொள்ளலாம். ஐசிங் போடாத குக்கி நமத்துப் போனால் 140 டிகிரியில் ஐந்து நிமிஷம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்புத் திரும்பும். ஐசிங் போட்டது நமத்தால் அதற்கு மருந்து இல்லை. சூடான பாலில் தோய்த்துச் சாப்பிடுங்கள், பாலுக்குத் தனியாகச் சீனி போட வேண்டாம்.